மூன்று பேருக்கு ஒரு சாவி

அத்தியாயம் 4

பதினொன்று முப்பத்தேழு என்ற நேரத்தை மட்டும் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருந்தார்கள்.

வசந்தி அந்தக் கடிதத்தை இரண்டாவது முறையாகப் படித்தாள். பல்கலைக்கழகத்தின் கணினித் துறை அனுப்பியது. இறுதியாண்டு மாணவன் ரமேஷ்பாபு, போன வாரம் புதன்கிழமை காலை 11.37க்கு, துறையின் சர்வரில் இருந்த தன் குழுவின் வேலையை வேண்டுமென்றே அழித்தான் என்பது குற்றச்சாட்டு. வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு விசாரணை. அவள் படித்த அன்று வியாழன்.

கடிதத்தைக் கொண்டுவந்த பேச்சியம்மாள், நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் நின்றாள். ரமேஷ்பாபுவின் தாய். கொச்சியில் கொச்சங்காடித் தெருக்களைக் கூட்டுகிறவள். வேலை முடிந்த கையோடு, பச்சை மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல், சுக்குக் கிடங்கின் மாடியில் இருந்த வசந்தியின் துப்பறியும் அலுவலகத்துக்கு ஏறி வந்திருந்தாள். மகன் எட்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை. பாயை உதறும்போது இந்தக் காகிதம் விழுந்தது. தனக்கு வாசிக்கத் தெரியாது என்றாள்.

ஜன்னல் திண்டில் சாய்ந்திருந்த சிஜு கடிதத்தை எட்டிப் பார்த்தான். ஆட்டோ ஓட்டுகிறவன், மீதி நேரத்தில் வசந்தியின் உதவியாளன்.

"சேச்சி, ரெண்டு எடத்துல 'மதிப்புக்குரிய'ன்னு எழுதியிருக்கு. அப்போ உறப்பா வெளிய தள்ளத்தான் போறாங்க. எங்கிட்ட இவ்வளவு மரியாதையா பேசுனது ஒரே ஆளு, வண்டியப் பிடிச்சுட்டுப்போன பேங்குக்காரன்."

வசந்தி சிரிக்கவில்லை. ஆனால் அவளுக்குள் ஒரு தெம்பு வந்திருந்தது. பெரியப்பா விட்டுப்போன இந்த அலுவலகத்தை எடுத்து நடத்த ஆரம்பித்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன் பதினோரு வருடம் அவள் வேலை பார்த்தது அதே பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தில். கடிதத்தில் சொல்லியிருந்த சர்வரை நிறுவியதே அவள்தான். தன் வீட்டுச் சமையலறையில் தொலைந்த கரண்டியைத் தேடச் சொன்னது போல இருந்தது.

"பேச்சிக்கா, சர்வர் பதிவுல அவன் பேரு இருக்குன்னா அவன்தான் செஞ்சான்னு அர்த்தமில்ல. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

பேச்சியம்மாள் போன பிறகு சிஜுவுக்கு விளக்கினாள். பலர் சேர்ந்து ஒரு கணினி நிரலை எழுதும்போது, எல்லார் வேலையும் சர்வரில் ஒரு பொது இடத்தில் சேரும். அதற்கு ரெப்போ என்று பெயர். எந்த மாற்றத்தை யார், எப்போது செய்தார்கள் என்பதை அங்கே கிட் என்ற ஏற்பாடு பதிந்து வைக்கும். ஆனால் அந்த 'யார்' என்பது, மாற்றம் செய்தவரின் கணினி தானாகச் சொல்லும் பெயர்தான். கீழே கிடங்குக்கு வரும் சாக்கில் பெயர் அடிப்பது மாதிரி. மை வைத்திருப்பவன் எந்தப் பெயரையும் அடிக்கலாம்.

"அப்போ கள்ளன், சாக்குல போலீஸ்காரன் பேர அடிச்சுட்டான்னா?"

"வாசல்ல யார் உள்ள வந்தாங்கன்னு தனியா ஒரு கணக்கு இருக்கும். அதப் பாக்கணும். ஆனா அத சர்வர் மூணு நாளைக்கு மேல வைக்காது."

"எந்த மண்டன் அப்படி வச்சான்?"

இடம் மிச்சமாகட்டும் என்று அப்படி வைத்தது அவளேதான். அதை அவள் சொல்லவில்லை. அலுவலகச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

ரமேஷ்பாபுவின் வீடு இரண்டே அறை. முன்னறையில் அவன் அப்பா ஆறுச்சாமி கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தார். பின்னறையில், மூடிய மடிக்கணினியின் முன்னால் அவன் உட்கார்ந்திருந்தான். அம்மா அழைத்து வந்திருக்கிறாள் என்றதும் முகம் இறுகியது. வசந்தி தன் பெயரைச் சொன்னபோது ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான்.

கேட்கக் கேட்கத்தான் விஷயம் வந்தது. ரமேஷ்பாபு, விஜி, சங்கர்ராம் என்று மூன்று பேர் கொண்ட குழு. வேலியேற்றத்தின்போது கடல்நீர் ஏறி மேற்குக் கொச்சி வீடுகளுக்குள் வருகிறதே, அது எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்லும் நிரலை எட்டு மாதமாக எழுதினார்கள். போன புதன் காலை, வெளியிலிருந்து வந்த அதிகாரிகள் முன் அதைக் காட்டுவதாக இருந்தது. முந்தின நாள் பேராசிரியர் வெங்கிடேஷ், மேடையில் பேசுபவர்களின் பட்டியலிலிருந்து ரமேஷ்பாபுவின் பெயரை அடித்தார். அவன் ஆங்கிலம் போதாது என்றார். துறை முழுக்கப் பார்க்க அவன் அவரிடம் குரலை உயர்த்திவிட்டான். மறுநாள் மேடையில் நிரலைத் திறந்தபோது திரையில் வெறும் வெள்ளை. மூன்று வாரத்து வேலையைக் காணோம். சர்வரில் கடைசியாகப் பதிவானது ரமேஷ்பாபுவின் பெயர். வெங்கிடேஷ் அதை ஒலிபெருக்கியிலேயே வாசித்தார்.

நிரல் அன்று மாலையே கிடைத்துவிட்டது. ரமேஷ்பாபுவின் கணினியில் முழுப் பிரதி இருந்தது. அதை அவனே அனுப்பியும் வைத்தான். அழித்ததும் அவன், அதனால்தான் பிரதி வைத்திருந்தான் என்று அதையும் குற்றத்தில் சேர்த்துவிட்டார்கள்.

"பதினொன்னு முப்பத்தேழுக்கு நீ எங்க இருந்த?"

"வெளிய."

"வெளியன்னா?"

அவன் தரையைப் பார்த்தான். எத்தனை விதமாகக் கேட்டும் அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. சிஜு சாயா குடித்து வருவதாக எழுந்து போனான். அரைமணி கழித்து வந்தவன் வசந்தியைச் சமையல் மேடைப் பக்கம் அழைத்தான்.

"சேச்சி, உள்ள வரும்போது அப்பன் காலப் பாத்தீங்களா? விரலிடுக்கெல்லாம் ஊதா மருந்து. சேத்துப்புண்ணு. மகன் காலப் பாத்தீங்களா? அதே மருந்து, அதே எடம். காலேஜ் வராந்தாவுல நடந்தா சேத்துப்புண்ணு வராது."

மழைக்கு முன்னால் ஓடைகளைத் தூர்வாரும் ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி, சிஜுவின் ஆட்டோ நிறுத்தத்துக் கூட்டாளி. தினமும் வேலை நடக்கும்போது நேரம் பதிந்த படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போட வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. போன புதன்கிழமைப் படம் சிஜுவின் கைபேசியில் இருந்தது. கறுப்புத் தண்ணீரில் இடுப்பளவுக்கு நிற்கும் ஆறு பேர். நான்காவது ஆறுச்சாமி. பக்கத்தில், சேறு வழியும் கூடையைத் தலைக்கு ஏற்றியபடி ரமேஷ்பாபு. கீழே மணி 11.36.

இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. வசந்தி படத்தை ரமேஷ்பாபுவிடம் நீட்டினாள்.

அவன் முகத்தில் ரத்தம் ஏறி வடிந்தது. அப்பா கார்ப்பரேஷன் ஆபீஸில் வேலை பார்க்கிறார் என்றுதான் கல்லூரியில் சொல்லி வைத்திருந்தான். நான்கு வருடம் அப்படியே ஓட்டிவிட்டான். மேடையில் தனக்கு இடமில்லை என்று ஆன பிறகு, கால் முடியாத அப்பாவுக்குத் துணையாக ஓடைக்குப் போயிருந்தான்.

"இதக் காட்டாதீங்க மேடம். கள்ளன்னு சொல்லட்டும். சாரமில்ல, பரவால்ல. இத மட்டும் அங்க காட்டாதீங்க."

சொல்லி முடித்த பிறகுதான் வாசலில் அம்மா நிற்பதைப் பார்த்தான். பேச்சியம்மாள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். மேல்கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அதை மடித்து, மகன் கண்ணில் படாத மாதிரி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம் வசந்திம்மா. அவன் சொல்றது செரிதான். படிக்கிற எடத்துல அது எதுக்கு" என்றாள்.

சிஜு யாரும் கேட்காமலே கைபேசியை வாங்கிப் படத்தை அழித்தான்.

இனி வேறு வழி தேட வேண்டும். வசந்தி அவன் மடிக்கணினியைத் திறக்கச் சொன்னாள். அதில் இருந்த பிரதியில் எட்டு மாதப் பதிவும் அப்படியே இருந்தது. பெயர் வாரியாகப் பிரித்தாள். சங்கர்ராம் பெயரில் தொண்ணூறு சொச்சம் மாற்றங்கள். ரமேஷ்பாபு பெயரில் முந்நூற்றுக்கு மேல். பட்டியல் அவ்வளவுதான். இரண்டே பெயர்கள்.

சிஜு தோளுக்கு மேலாகப் பார்த்தான். "மூணு பேருன்னு சொன்னீங்க. அந்தப் பெண்குட்டி எட்டு மாசமா என்ன பண்ணுச்சு, ஜெபமா?"

வசந்தியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "நிரல்ல அந்தத் தெரு வரைபடம் வருதே, அத யார் எழுதுனது?"

"விஜி. முழுக்க அவதான்."

"வரைபடத்துல செஞ்ச எல்லா மாத்தமும் உன் பேர்ல இருக்கே."

ரமேஷ்பாபு திரையைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்த நிமிடத்தை மற்ற இருவரும் பார்த்தார்கள். ஆகஸ்டு மாதம் விஜி புதுக் கணினி வாங்கியபோது, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தன் கணினியின் அமைப்புகளை அப்படியே அதில் நகலெடுத்துக் கொடுத்தது அவன்தான். அவன் பெயரோடு. சர்வருக்குள் நுழைய உதவும் அவனுடைய சாவிக் கோப்போடு. அன்றிலிருந்து விஜி எதைச் செய்தாலும் அது ரமேஷ்பாபு செய்ததாகவே பதிவானது. ஒன்றாக வேலை பார்ப்பவர்கள் அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"அவ வேணும்னு செய்ய மாட்டா மேடம்" என்றான்.

விஜியின் வீடு சுள்ளிக்கல்லில். ஆட்டோவில் போகும்போது சிஜு, கேஸ் இவ்வளவு எளிதாக முடிந்தால் பெட்ரோல் செலவுகூடத் தேறாது என்று குறைப்பட்டான். வசந்தி வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தாள். ஒரு கேள்வி மட்டும் அரித்தது. பெயர் நகலானது சரி. சாவியையும் எதற்குக் கொடுத்தான்? ஆளுக்கொரு சாவி வாங்குவது பத்து நிமிட வேலை. அதற்கான வழிமுறை கணினி மையத்தின் இணையப் பக்கத்திலேயே இருக்கிறது.

கதவைத் திறந்த விஜி, வசந்தி யார் என்று சொன்னவுடனேயே விலகி வழிவிட்டாள். எட்டு நாளாக யாராவது வந்து கேட்கக் காத்திருந்தவள் போலத் தானாகவே சொல்லத் தொடங்கினாள். மேடைக்குப் பின்னால் நின்றுகொண்டு, வரைபடத்தில் ஒரு நிறத்தை மாற்றினாள். சர்வர் அதை ஏற்கவில்லை. அவளிடம் இருந்தது மூன்று வாரத்துக்கு முந்தைய பிரதி. அழைக்கும் நேரம் வந்துவிட்ட அவசரத்தில், எச்சரிக்கையைப் படிக்காமல், கட்டாயமாக ஏற்றும்படி கட்டளை கொடுத்தாள். பழையது புதியதை மூடிவிட்டது. தான் செய்ததுதான் என்று திரை வெளுத்தபோதே தெரிந்தது. சொல்ல வாயெடுத்தபோது, வெங்கிடேஷ் சார் ரமேஷ் பேரை வாசித்தார்.

"நான் என் செருப்பப் பாத்துக்கிட்டு நின்னேன் மேடம். ஒரு நிமிஷம் கழிச்சு சொல்லலாம்னு நெனச்சேன். அப்புறம் ஒவ்வொரு நிமிஷமும் கூடக்கூட சொல்ல முடியாமப் போச்சு."

வசந்தி அவளை அதட்டவில்லை. நாளை விஜியே சொல்லும் வரை தான் அவள் பெயரைச் சொல்லப் போவதில்லை என்றாள். பிறகு அரித்துக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டாள். ரமேஷ்பாபுவின் சாவியை நீ ஏன் வைத்திருந்தாய்?

விஜி மடிக்கணினியில் எதையோ தேடி எடுத்து, வசந்தி பக்கம் திருப்பினாள்.

ஆகஸ்டு மாதத்து மின்னஞ்சல். ரமேஷ்பாபு கணினி மையத்துக்கு எழுதியது. வழிகாட்டியில் சொன்னபடியே சர்வரில் பொது ரெப்போ அமைத்ததாகவும், தன்னால் மட்டுமே அதில் எழுத முடிவதாகவும், மற்ற இருவருக்கும் அனுமதி இல்லை என்று வருவதாகவும், தான் எங்கே தவறு செய்கிறேன் என்று தெரியவில்லை என்றும் பணிவாக எழுதியிருந்தான். கீழே பதில். ஒரே வரி.

'வழிகாட்டியை ஒழுங்காகப் படிக்கவும். வசந்தி.'

அதற்குக் கீழே, ரமேஷ்பாபு மற்ற இருவருக்கும் அனுப்பிய குறிப்பு. எவ்வளவு படித்தும் புரியவில்லை, இனி என் சாவியையே வைத்துக்கொள்ளுங்கள் என்று.

"இது நீங்கதானே மேடம்?" என்றாள் விஜி.



வசந்தி தன் கைபேசியில் அந்த வழிகாட்டியைத் திறந்தாள். ஆறு வருடத்துக்கு முன் அவள் எழுதியது. அடியில் தன் பெயர் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துப் போட வைத்தது. நான்காவது வரியில் ரெப்போவை உருவாக்கும் கட்டளை இருந்தது. அதைக் குழுவுக்குப் பொதுவாக்கும் ஒற்றைச் சொல் அதில் இல்லை. அது இல்லாவிட்டால் உருவாக்கியவர் மட்டுமே எழுத முடியும். ஆறு வருடமாக அதைப் படித்த ஒவ்வொருவரும் அதே சுவரில்தான் முட்டியிருக்க வேண்டும்.

அந்த அஞ்சலை நினைவுபடுத்திப் பார்த்தாள். வரவில்லை. அப்படி ஒன்றை எழுதியதே அவள் மனத்தில் பதியவில்லை என்பதுதான் அதிகம் சுட்டது.

திரும்பும் வழியில் ஆட்டோவில் வசந்தி நாளைய விசாரணையை யோசித்தாள். பெயரை எவரும் எழுதலாம் என்று காட்டினாலே ரமேஷ்பாபு தப்பித்துவிடுவான். விஜியும் ஒப்புக்கொண்டால் முடிந்தது. வழிகாட்டியைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே இல்லை. இப்படி அவள் கணக்குப் போட்டாள். கணக்குப் போடுகிறோம் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை விசாரணை அறையில் மூன்று உறுப்பினர்கள். தலைமை வகித்தவர் டீன் லோகாம்பாள். பக்கவாட்டில் வெங்கிடேஷ். எதிரே மாணவர்கள் மூவரும். விஜி தலையைத் தூக்கவில்லை. மாணவன் தனக்காகப் பேச ஒருவரை அழைத்து வரலாம் என்ற விதியின்படி வசந்தி வந்திருந்தாள். அவள் நீளமாகப் பேசவில்லை. ரமேஷ்பாபுவின் கணினியில் இரண்டு வரிகளைத் தட்டி, திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். ஒரு சோதனை ரெப்போவில் புதிய பதிவு. எல்லாக் கோப்புகளும் அழிக்கப்பட்டிருந்தன. நேரம் இன்று காலை 10.52. செய்தவர் பெயர் வெங்கிடேஷ்.

"சாருக்கும் ஒரு கடிதம் அனுப்பணுமோ?" என்று கதவோரத்திலிருந்து சிஜு மரியாதையாகக் கேட்டான்.

உறுப்பினர் ஒருவர் சிரிப்பை அடக்கினார். வெங்கிடேஷ் சிவந்து போனார். பெயரை விடுங்கள், அந்த ரெப்போவில் எழுத ரமேஷ்பாபுவின் சாவியால் மட்டும்தானே முடியும் என்றார். அந்தச் சாவி மூன்று பேரிடமும் இருந்தது என்று வசந்தி சொன்னாள்.

லோகாம்பாள் கண்ணாடியைக் கழற்றினார். அப்படியானால் அழித்த குற்றம் நிரூபணமாகவில்லை, ஆனால் சாவியைப் பிறருக்குக் கொடுத்தது விதிமீறல், அதற்கு ஒரு பருவம் நீக்கம் உண்டு என்றார். ஏன் கொடுத்தாய் என்று ரமேஷ்பாபுவைக் கேட்டார்.

அவன் வசந்தியை ஒருமுறை பார்த்தான். பிறகு மேசையைப் பார்த்தான்.

"எனக்கு வழிகாட்டி புரியல மேடம்" என்றான்.

முதல் நாள் அவள் தன் பெயரைச் சொன்னபோது அவன் நிமிர்ந்து பார்த்தது ஏன் என்று வசந்திக்கு அப்போதுதான் விளங்கியது. அவனுக்குத் தெரியும். தெரிந்தே சொல்லாமல் இருக்கிறான். இவளும் வாய் திறக்கவில்லை. ஒரு நிமிடம் போகட்டும் என்று தோன்றியது. அதே அறையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த விஜி எந்த இடத்தில் மாட்டிக்கொண்டாள் என்பது அந்த நிமிடத்தில் தெரிந்தது.

வசந்தி எழுந்து நின்றாள். வழிகாட்டியில் ஒரு சொல் விடுபட்டிருக்கிறது, அதன்படி செய்தால் ஒருவர் மட்டுமே எழுத முடியும், அந்தப் பையன் உதவி கேட்டு எழுதினான், ஒழுங்காகப் படி என்று பதில் வந்தது என்றாள்.

"யார் எழுதிய வழிகாட்டி?" என்றார் லோகாம்பாள்.

"நான்தான். பதிலும் நான் எழுதுனதுதான்."

வெங்கிடேஷ் உரக்கவே சொன்னார். சொந்தத் தப்பைத் தானே துப்புத் துலக்க வந்த துப்பறிவாளரை இப்போதுதான் பார்ப்பதாக. இம்முறை உறுப்பினர்கள் சிரிப்பை அடக்கவில்லை. சிஜு கதவோரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அந்தச் சிரிப்பு ஓயும் முன்பே விஜி எழுந்துவிட்டாள். அழுதுகொண்டே, ஆனால் ஒன்றும் விடாமல், மேடைக்குப் பின்னால் நடந்ததைச் சொன்னாள்.

பன்னிரண்டு மணிக்குள் எல்லாம் முடிந்தது. ரமேஷ்பாபு மீதான புகார் தள்ளுபடியானது, பருவ நீக்கமும் கைவிடப்பட்டது. விஜிக்கு மதிப்பெண் குறைப்பு. வழிகாட்டி அன்றே திருத்தப்பட வேண்டும் என்று லோகாம்பாள் குறித்துக்கொண்டார். வெங்கிடேஷ் குற்றச்சாட்டுக் கடிதத்தை நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, இனிமேல் கவனமாக இரு என்று ரமேஷ்பாபுவிடமே சொல்லிவிட்டுப் போனார்.

வராந்தாவில் வசந்தி அவனைத் தனியாக நிறுத்தினாள். நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"நீங்க உதவி பண்ண வந்தீங்க. வந்தவங்ககிட்ட எப்படிச் சொல்றது மேடம்? அப்புறம், எனக்கு உறப்பும் இல்ல. அந்தப் பதில் வந்தப்புறம் உங்க பேஜ பதினாலு தடவ படிச்சேன். ஒவ்வொரு தடவையும் சொன்ன மாதிரியே செஞ்சேன். வரல. வெங்கிடேஷ் சார் சொல்ற மாதிரி எனக்கு இங்கிலீஷ் போதல, அதான் மண்டையில ஏறலன்னு நெனச்சுக்கிட்டேன். இன்னிக்கு நீங்க எழுந்து சொல்ற வரைக்கும் அப்படித்தான் நெனச்சேன்."

அவன் குறை சொல்லும் குரலில் அதைச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னான். அதனாலேயே வசந்தியால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நீ சரியாத்தான் செஞ்சிருக்க தம்பி. நான் எழுதுனதுதான் தப்பு" என்றாள்.

ஆகஸ்டு மாதமே அவனுக்குப் போயிருக்க வேண்டிய பதில் அது.